வெயில் தணியும்வரை காத்திராதே, அம்மணி

கண்ணு,

நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். கதவைத் தட்டிப் பேச ஆரம்பித்தால் நான் வாயைத் திறந்ததும் நீ குறுக்கே பேசுவாய், உன் குறுக்கே நான் பேசுவேன், அடுப்படியிலிருந்து உன் அம்மா இரண்டு பேருக்கும் குறுக்கே பேசுவாள். கடைசியில் சோறு ஆறிப்போகுமே தவிர நாயம் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிப் பழகிய கை இது, எழுத்து கோழி கிளறிய குப்பை போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் இதைக் குளத்தங்கரையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டப் போகிறேன். அவர்களும் இதில் வருகிறார்கள், அவர்களுக்குத் தெரியாமல் நான் ஒன்று கூட்டியோ குறைத்தோ சொல்லிவிட்டேன் என்று பேச்சு வரக் கூடாது. ஊரே கேட்கட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் நீயும் அம்மாவும் கல்யாணப் பட்டு எடுத்துக்கொண்டு காரை விட்டு இறங்கினீர்கள். நீ புடவைப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேரே குளத்துக்குப் போனாய். போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "ஏனுங்கப்பா, எனக்கு ஏன் போன் பண்ணல?" நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்றும் சொன்னாய். "கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளிப் போடுங்க. மழை வந்து வெயில் தணியட்டும். இந்த வெக்கையில குளத்த உட்டுப்போட்டு என்னால போக முடியாதுங்க." அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொண்டாய். பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, சொந்தபந்த ஒறம்பரைக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகு! உன் அம்மா அன்றிலிருந்து என்னைத்தான் முறைக்கிறாள், ஏதோ வெயிலை நான்தான் கிளப்பிவிட்டது போல.

சரி, நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ துண்டு துண்டாக நாலு பேரிடம் கேட்டிருப்பாய், முழுசாகக் கேட்டிருக்கமாட்டாய். சொல்லப்போனால் இதை உன்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததே எனக்குப் பெரிய பாடு. நெஞ்சு குறுகுறுக்கிறது, கண்ணு. எனக்கு இத்தனை வயதில் அப்படி ஒரு காலைப்பொழுது வாய்த்ததில்லை!

நீங்கள் சிறுமுகையில் பட்டு எடுத்துவிட்டு சத்தியமங்கலத்தில் உன் சித்தி வீட்டில் தங்கிய அந்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் பொழுதோட இங்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முந்தைய நாட்களில் அடித்த வெயில்தான் உனக்கே தெரியுமே. போத்தனூர் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனால் செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சிலுசிலுவென்று வீசும் ஊர் என்று பெயர்தான், மார்கழியிலேயே இப்போது மின்விசிறி இல்லாமல் யாராலும் படுக்க முடிவதில்லை. அப்படிக் காய்ந்து கிடந்த ஊரில் திடீரென்று காற்று, இடி, சடசடவென்று மழை. எல்லோரும் தெருவுக்கு வந்து நின்று நனைந்தார்கள். நானும் நனைந்தேன். மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றேன். குளத்துக்கு இனிமேல் கவலை இல்லை, தண்ணீர் குளிர்ந்துவிட்டது, மீனெல்லாம் குஷியாக இருக்கும் என்று உன் சித்திக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். எத்தனை பெரிய மடையன் பார்!

கோடை மழைதான் குளத்துக்கு எமன் என்று நீ சொல்லியிருக்கிறாய். மேல் தண்ணீர் வெயிலில் காய்ந்து சூடாகி மேலேயே மிதக்கும், அடித் தண்ணீர் கனமாக அடியிலேயே கிடந்து சேற்றோடு சேர்ந்து நாறும், இரண்டும் நாள்கணக்கில் கலக்கவே கலக்காது, அப்புறம் ஒரு நாள் மழையும் காற்றும் அடித்து மேல் தண்ணீர் குளிர்ந்தால் மொத்தக் குளமும் புரண்டுவிடும், அந்த நாற்றத் தண்ணீர் மேலே வந்து இருக்கிற கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும் என்று. போன வருடம் சாப்பிடும்போது கையை ஆட்டி ஆட்டி விளக்கினாய். நான் 'ம்' கொட்டினேன். ரசம் நன்றாக இருந்தது.

விடிந்தும் விடியாத நேரத்தில் சரசக்கா கூப்பிட்டாள். கேட்கப் போகிற வெளியாட்களுக்காகச் சொல்கிறேன்: சரசக்கா நம் குளத்து மீனவர் சங்கத்தில் பரிசல் ஓட்டுகிறவள். நீ மீன்வளம் படித்துவிட்டு வந்து, 'பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மீன் படிப்பு' என்று ஒறம்பரை பேசியதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் அந்தச் சங்கத்தோடு வேலை செய்ய ஆரம்பித்த அன்றிலிருந்து உன் கூடவே இருப்பவள். நீ ஊருக்குப் போகும்போது அந்த ஆக்சிஜன் மீட்டரை அவள் கையில்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாய். "ஏனுங்ணா, வெசையா வாங்க. மீட்டரு அடியில படுத்துக்கிச்சுங்க. மீனு பூராத்தும் மேல வந்து வாயப் பொளக்குது" என்றாள். மொபட்டை உதைத்துக்கொண்டு ஓடினேன். குளக்கரையில் போய் நின்றேன், கண்ணு. குளம் முழுக்க வாய். கட்லாவின் பெரிய உதடுகள் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சி உறிஞ்சி மூடுகின்றன. ரோகு, மிர்கால் எல்லாம் அதற்குப் பக்கத்தில். அந்தச் சத்தம் இருக்கிறதே, ஊர் மொத்தமும் சூடான காப்பியை உறிஞ்சினால் எப்படி இருக்கும், அப்படி. விரால் மட்டும் அதுபாட்டுக்கு வந்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு உள்ளே போனது. அதற்கென்ன, காற்றையே குடிக்கத் தெரிந்த ஜன்மம். ஜிலேபிக் கெண்டையும் தாக்குப்பிடித்தது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து வளர்த்த பெருங்கெண்டைகள்தான் கரையோரம் வந்து கிறங்கிக் கிடந்தன, கையால் தொட்டாலும் நகரவில்லை. சங்கத்துக் குடும்பங்கள் அத்தனையும் இந்தப் பருவத்து மீனை நம்பித்தான் இருக்கின்றன. சரசக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதாள். வாய்விட்டு அழுதாள்.

நான் யார்? மோட்டார்க்காரன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவிட்சைப் போடுவது. குளத்துக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பு வெள்ளிங்கிரி அண்ணனுடையது, அவர் மோட்டார் ரூம் சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். ஓடிப்போய் அவருடைய ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டேன். அதிசயமாகக் கரண்ட் இருந்தது. பைப்பை இழுத்துக்கொண்டு வந்து குளத்துக்குள் விட்டேன். அதிலும் ஒரு புத்திசாலித்தனம்: தண்ணீர் சலசலத்தால் மீன் மிரளும் என்று பைப்பின் வாயை நன்றாக ஆழத்தில் கல்லைக் கட்டி இறக்கினேன். நம் பக்கத்து ஆளுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் ஒரே மருந்துதானே? தோட்டம் காய்ந்தால் போர் போடு, மாடு வாங்கினால் போர் போடு, மனசு சரியில்லை என்றாலும் இன்னொரு போர் போடு! பூமியின் அடிவயிற்றிலிருந்து வருகிற தண்ணீர், புத்தம்புதுசு, மீன் பிழைத்துக்கொள்ளும் என்று கரையில் நின்று மார்தட்டினேன்.

சித்த நேரம் போனது. சரசக்காதான் முதலில் பார்த்தாள். "ஏனுங்ணா, மீனெல்லாம் பைப்ப உட்டு அக்கட்ட ஓடுதுங்க." பார்த்தேன். நிஜம்தான். நீந்தத் தெம்புள்ளதெல்லாம் பைப்பை விட்டு விலகிப் போகிறது. தெம்பில்லாதது பைப்புக்குப் பக்கத்திலேயே வெள்ளை வயிற்றைக் காட்டிப் புரள்கிறது. தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருக்கிறது! ஆயிரம் அடிக்குக் கீழேயிருந்து வருகிற தண்ணீர் சூடாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை நீர்மூழ்கி மோட்டாரைத் தூக்கியிருக்கிறேன்! தெரியும். ஆனால் கை வைத்தபோதுதான் தெரிந்தது தலையில் ஏறியது. அப்போதுதான் அந்தச் சோடா ஞாபகம் வந்தது.

நீ படிப்பை முடித்து வந்த புதிதில் கடைக்கு இரண்டு கோலி சோடா வாங்கி வந்தாயே, ஒன்று ஐஸ் பெட்டியிலிருந்து, ஒன்று வெயிலில் கிடந்தது. இரண்டையும் என் முன்னால் உடைத்தாய். வெயிலில் கிடந்தது பொங்கி என் சட்டையெல்லாம் அடித்துவிட்டு டம்ளரில் சப்பென்று நின்றது. "பாருங்கப்பா, குளுந்த தண்ணிதான் காத்தப் புடிச்சு வெக்கும். சூடான தண்ணி உட்டுரும். குளத்துலயும் அதேதானுங்க. வெயிலு ஏற ஏற தண்ணியில மூச்சு கொறையும், ஆனா சூட்டுல மீனுக்கு மூச்சு நெறைய வேணும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்குதுங்க பாவம்" என்றாய். அடிப்பூமித் தண்ணீரில் காற்றே கிடையாது என்றும் அன்றைக்கே சொன்னாய். நான் சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன் போலிருக்கிறது, எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூச்சு முட்டுகிறவனுக்கு நான் மூச்சில்லாத தண்ணீரை அதுவும் சூடாகப் புகட்டியிருக்கிறேன். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன்.

இனிமேல்தான் கதையே, கண்ணு! தண்ணீருக்குக் காற்று வேண்டும். தண்ணீரைக் காற்றுக்குள் தூக்கி எறிந்தால்? பைப்பை ஆழத்தில் இறக்கியதுதான் தப்பு, அதை ஆகாயத்தில் நிறுத்த வேண்டும். குளத்துத் தண்ணீரையே எடுத்து உயரத்தூக்கிப் பொடிப்பொடியாக உடைத்துக் குளத்திலேயே கொட்ட வேண்டும். கடையில் காயில் கட்டி முடித்து, ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போகவேண்டிய மோட்டார்கள் வரிசையாக நின்றன. யாரிடமும் கேட்கவில்லை. அத்தனையையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினேன். உடைப்பதற்கு என்ன செய்வது? வெள்ளிங்கிரி அண்ணன் மோட்டார் ரூமில் தக்காளி கிரேடுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன, கிணத்துக்கடவு சந்தைக்குப் போகிற அந்தப் பிளாஸ்டிக் பெட்டிகள்தான், நாலு பக்கமும் அடியிலும் ஓட்டை. ஒன்றின் மேல் ஒன்றாக மதகு மேட்டில் கோபுரம் போல் அடுக்கிக் கம்பியால் கட்டினோம். உச்சியில் பைப்பை வைத்து மோட்டாரைப் போட்டேன். ஐயோ, நீ பார்த்திருக்க வேண்டும்! தண்ணீர் ஒவ்வொரு பெட்டியிலும் விழுந்து, தெறித்து, சொட்டுச் சொட்டாகப் பிரிந்து, நுரைத்துக்கொண்டு குளத்தில் கொட்டியது. சரசக்கா மீட்டரின் முனையை அங்கே நீட்டினாள். "ஏறுதுங்ணா! ஏறுது!" என்று அவள் போட்ட கூச்சலில் தென்னையிலிருந்த மயில் பறந்துவிட்டது.

அப்போது பார்த்து வெள்ளிங்கிரி அண்ணன் தோளில் துண்டோடு வருகிறார். பால் கறந்துவிட்டுத் தோப்பைப் பார்க்க வந்தவர். முதலில் மோட்டார் ரூம் திறந்து கிடப்பதைப் பார்க்கிறார். அப்புறம் கிரேடுகளைப் பார்க்கிறார். அப்புறம் தண்ணீர் இறைக்கிற மோட்டாரை உற்றுப் பார்க்கிறார். அது அவருடையதேதான். வாரக்கணக்கில் 'நாளைக்குத் தாரனுங்க, நாளைக்குத் தாரனுங்க' என்று நான் இழுத்தடித்துக்கொண்டிருந்த மோட்டார். "ஏனப்பா, என்ற கெணத்து மோட்டாரு இன்னும் ரெடியாகலைன்னு நேத்துக்கூடச் சொன்னே? அது குளத்துல என்ன பண்ணுது?" என்றார். "டெஸ்ட் பண்ணிப் பாக்கறனுங்ணா" என்றேன். வேறென்ன சொல்ல! அவர் குளத்தைப் பார்த்தார். வாய் பிளந்து நிற்கும் மீன்களைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அப்புறம் எதுக்குடா சும்மா நிக்கறீங்க? ஊட்ல இன்னொண்ணு கெடக்குது, அதையும் தூக்கிட்டு வாங்க" என்று எங்களை விரட்டினார். இரண்டாவது கோபுரம் அவர் கட்டியதுதான். என்னுடையதை விட நேராக நிற்கிறது என்று இன்னும் பீற்றிக்கொள்கிறார்.

சங்கத்து ஆட்கள் எல்லோரும் ஒட்டுக்கா பரிசல்களை இறக்கிவிட்டார்கள். சுற்றிச் சுற்றி வந்து துடுப்பால் தண்ணீரை அடி அடி என்று அடித்தார்கள், திருவிழா மேளம் தோற்றது போ! அந்தக் கலவரத்தைப் பார்த்து மீன்கள் மிரண்டு ஓடும் என்று நினைத்தேன். இல்லை. பைப்பை விட்டு விலகி ஓடின அதே மீன்கள் மதகு மூலையைத் தேடி வந்தன. வரிசையாக வந்தன, கண்ணு. தண்ணீர் கொட்டுகிற இடத்தில் தலையை வைத்துக்கொண்டு ஆடாமல் நின்றன. மதகு மூலை முழுக்க முதுகுகள். சூரியன் தென்னைக்கு மேலே ஏற ஏற, வாய்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. கடைசி வாயும் உள்ளே போனது. அப்புறம் ஒருவன் விசில் அடித்தான். சரசக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நான் அழுதேன் என்று அவள் உன்னிடம் சொல்லியிருந்தால், அது உண்மைதான்.

எல்லாம் பிழைத்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். பெரிய கட்லாக்கள் கொஞ்சம் போய்விட்டன. பைப்புக்குப் பக்கத்தில் போனவை என் கணக்கில்தான். அவற்றைக் கூடையில் அள்ளி எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தேன். ஆனால் குளம் நிற்கிறது. நீ பார்த்தாய் அல்லவா, மத்தியானம் நீ கரையில் நின்றபோது நடுக்குளத்தில் ரோகு ஒன்று துள்ளியதே, உன் முகம் ஒரு நொடி மலர்ந்ததை நான் மரத்துக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டேன். அப்புறம்தான் உனக்குக் கோபம் வந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஏன் போன் பண்ணவில்லை? போர்த் தண்ணீரை விட்டு மீனைக் கொன்றபோது, பயத்தில் பண்ணவில்லை. திட்டுவாய் என்கிற பயம், மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் மோட்டாரை நிறுத்திய பிறகு போனைக் கையில் எடுத்தேன். உன் பெயரைத் தட்டப் போனேன். சரசக்கா தண்ணீருக்குள் நின்றபடியே, "கூறைப்பொடவை எடுக்கப் போன புள்ளைய எதுக்குங்ணா கூப்புடறீங்க? கூப்புட்டா சீலையப் போட்டுட்டு ஓடியாந்துரும். நாங்க எதுக்கு இருக்கறோம்? எங்களுக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்காமயா போயிருக்குது?" என்றாள். சுருக்கென்றது. போனைப் பாக்கெட்டில் போட்டேன். நீ சொல்லிக் கொடுத்தது சோடாவாக என்னிடம் இருந்தது, மீட்டராக அவளிடம் இருந்தது, இடி இடிக்கிற மழைக்கு மறுநாள் விடியலில் குளத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிற பழக்கமாகச் சங்கத்து ஆட்கள் அத்தனை பேரிடமும் இருந்தது. அன்றைக்கு நீ ஒருத்தி இல்லை, அவ்வளவுதான். உன் வேலை அங்கே இருந்தது. இதைக் கேட்டு உனக்கு வலித்தால் நீ இன்னும் சின்னப்பிள்ளை என்று அர்த்தம். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம், என் மகள் எப்பேர்ப்பட்ட வேலை செய்து வைத்திருக்கிறாள் என்று!

மழை வந்து வெயில் தணியட்டும் என்கிறாய். தணியாது, கண்ணு. உன்னை விட எனக்கு இது வேறு விதத்தில் தெரியும். என் கடைக்கு வருகிற மோட்டார்களே சொல்லும். முன்பெல்லாம் பங்குனி, சித்திரையில்தான் காயில் கருகி வரும். இப்போது தை பிறந்ததும் வர ஆரம்பித்து ஐப்பசி வரை வருகிறது. வெயில் கூடக் கூட எனக்குத் தொழில் ஓகோவென்று ஓடுகிறது, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆவணிக்குத் தள்ளி வைப்பாய். ஆவணியில் மழை பொய்த்தால் தைக்கு என்பாய். தையில் குஞ்சு விடுகிற வேலை இருக்கிறது என்பாய். நீயேதான் சொன்னாய், புதுத் தண்ணீர் வாய்க்காலில் வரும்போது எதிர்த்து ஏறி முட்டை போடுகிற கெண்டைகள் இப்போது மழை வரும் வரும் என்று வயிற்றில் முட்டையோடு காத்திருந்து, வராமல் போகவே முட்டையை உடம்புக்குள்ளேயே கரைத்துவிடுகின்றன என்று. காத்திருந்தால் காலம் பழையபடி திரும்பும் என்கிற நம்பிக்கை மீனுக்கே பொய்த்துவிட்டது. நாம் இனி இந்த வெக்கைக்குள்ளேயேதான் கல்யாணம் செய்ய வேண்டும், பிள்ளை பெற வேண்டும், குளத்தையும் காப்பாற்ற வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்று வரிசை கட்ட வெயில் நமக்கு நேரம் கொடுக்காது.

நான் இல்லாவிட்டால் நடக்காது என்கிற இந்த நோய் உனக்கு என்னிடமிருந்து வந்ததுதான், வேறு யாரைக் குறை சொல்ல? கல்யாணம் ஆன புதிதில் உன் அம்மாவை ஊட்டிக்குக் கூட்டிப் போனேன். போய் இறங்கி ஒரு டீ குடித்திருப்போம். ஏதோ மில்லில் மோட்டார் கருகிவிட்டது என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள், அடுத்த பஸ்ஸில் அவளையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வந்து பார்த்தால் வேறொருவர் அதைச் சரிசெய்து முடித்திருந்தார். இன்றைக்கும் டிவியில் ஊட்டியைக் காட்டினால் உன் அம்மா எழுந்து போய்விடுவாள், கவனித்திருக்கிறாயா?

மாப்பிள்ளை நேற்று எனக்குப் போன் பண்ணினார். "உங்க பொண்ணு சொல்றதும் சரிதானுங்களே மாமா, குளம் முக்கியமுங்க. ஆவணிக்கே வெச்சுக்கலாமுங்க, எங்க ஊட்ல நான் பேசிக்கறனுங்க" என்றார். தங்கமான பையன். அதனால்தான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன், இப்படிப்பட்டவரைக் காத்திருக்க வைக்காதே. நீ அழுத்தினால் அவர் வளைவார், எத்தனை முறை வேண்டுமானாலும் வளைவார், அந்த நல்ல குணத்தை நாம் செலவழிக்கக் கூடாது. அவரிடம் போய் உன் கவலையைக் கொட்டு, தேதியை மாற்றாதே. வாழைத்தோட்டத்துக்காரர், தண்ணீரின் அருமை தெரிந்தவர். மீட்டரைப் படிக்க அவருக்கும் சொல்லிக்கொடு. நீ வாக்கப்பட்டுப் போகிற சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் பவானிசாகர் அணை கடல் போலக் கிடக்கிறது. அங்கேயும் தண்ணீர் சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது, அங்கேயும் பரிசல்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சோடா உடைத்துக் காட்ட இன்னும் யாரும் போகவில்லை. யோசித்துப் பார்த்தாயா? எனக்கு நினைக்கும்போதே பரபரவென்று இருக்கிறது! உனக்கு வேண்டும் என்றால் கிரேடுக் கோபுரம் கட்ட நானே மோட்டாரோடு வருகிறேன், கேட்டுவிட்டுத்தான் எடுத்து வருவேன், பயப்படாதே.

உன் மனசில் இருக்கிற அடுத்த கேள்வியும் தெரியும். முகூர்த்தம் விடியற்காலை. மீன் மூச்சு முட்டுவதும் அதே நேரம். எல்லோரும் மண்டபத்தில் இருந்தால் குளத்தை யார் பார்ப்பது? இதற்காக ஞாயிற்றுக்கிழமை கரையில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. கல்யாணத்துக்கு வராமல் குளத்தில் நிற்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை! "நான் என்ன பாவம் பண்ணுனேன், என்னைய எதுக்குக் குளத்துல நிறுத்தறீங்க?" என்று ஆளாளுக்குச் சண்டை. கடைசியில் வெள்ளிங்கிரி அண்ணன், "தாலி கட்டறத நான் எத்தனையோ பாத்துட்டேன். பந்தி மத்தியானம் வரைக்கும் ஓடுமல்ல? நான் நிக்கறேன், போங்க" என்றார். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு இன்னும் சில பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். சரசக்கா மட்டும் முடியவே முடியாது என்றுவிட்டாள், அவள் உன் பக்கத்திலேயே நிற்கப் போகிறாளாம். மீட்டரைப் படிக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். கோபுரங்கள் இரண்டும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியாயிற்று, கரண்ட் போனால் ஓட்ட டீசல் எஞ்சின் ஒன்றும் வந்துவிட்டது.

இவ்வளவையும் துள்ளித் துள்ளி எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் எழுதாமல் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நீ தேதியைத் தள்ளிப்போடச் சொன்னாயே, அப்போது எனக்குக் கோபம் வரவில்லை, கண்ணு. உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. இன்னும் மூன்று நான்கு மாதம் இவள் இந்த வீட்டில் இருப்பாள் என்று. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் நான் பயந்துபோய் இதை எழுத உட்கார்ந்தேன். குளத்துக்கு ஆள் போட்டாயிற்று. எனக்கு ஆள் போட வழி தெரியவில்லை. அது என் பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ தேதியை மாற்றாதே.